மகளின் 44 கிலோவும் பாரிஸில் பார்த்த 57 கிலோவும்

எனக்கு டேக்வாண்டோ, அதுதான் காலால் உதைத்து ஆடும் கொரியச் சண்டை விளையாட்டு, தெரியாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் உதையின் நுட்பம் கேட்டு வரக்கூடாது. மகள் ஆறு வயதில் சேர்ந்தாள், இப்போது அவளுக்குப் பதினான்கு. இந்த எட்டு வருடமும் கிழமைக்கு மூன்று நாள், பாரிஸ் புறநகரில் ஒரு விளையாட்டு மண்டபத்தின் மூலையில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து பார்த்தது மட்டும்தான் என் தகுதி. ஆனால் 2024 ஆகஸ்ட் 8ஆம் திகதி ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 57 கிலோ போட்டியை அவளோடு போய்ப் பார்த்தேன். அந்த ஒரு நாளுக்குப் பிறகு எங்கள் வீட்டில் சில பழக்கங்கள் மாறின. பிள்ளையை இப்படி எடைப் பிரிவு உள்ள விளையாட்டுக்கு அனுப்பும் அம்மா அப்பாமாருக்கு உதவும் என்று நினைத்து எழுதுகிறேன்.

ஒலிம்பிக்குக்கு ஆறு மாதம் முன்னால் நடந்ததிலிருந்து தொடங்க வேண்டும். அதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான்.

அப்போது அவளுக்குப் பதின்மூன்று ஆகவில்லை. அந்த வயதுப் பெண்பிள்ளைகளுக்கு உலக டேக்வாண்டோ சம்மேளன அளவில் 29, 33, 37, 41, 44, 47, 51 கிலோ என்று பிரிவுகள் போகும், அந்த எண்ணுக்கு மேல் எடை இருக்கக்கூடாது. போட்டிக்கு ஐந்து நாள் இருக்க அவள் எடை 45.3. பயிற்சியாளர் 44க்குப் பெயர் கொடுத்திருந்தார், ஏனென்றால் 47இல் எங்கள் கழகத்தில் வேறொரு பிள்ளை இருந்தாள். "ஒன்றரைக் கிலோதானே, தண்ணிதான், போயிடும்" என்று அவர் சொன்னதை நான் அப்படியே நம்பினேன். உப்பு வேண்டாம், சோறு வேண்டாம், ஜாக்கெட்டுக்கு உள்ளே குப்பைப் பையைக் கிழித்துப் போட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும், கடைசி நாள் வாயைக் கொப்பளிக்க மட்டும் தண்ணீர். வெள்ளி இரவு அவள் இரண்டே இரண்டு இடியப்பம் கேட்டாள். நான்தான் தட்டை எடுத்து உள்ளே வைத்தேன். அறைக்குள் இருந்து என் அம்மாவின் குரல் வந்தது: "வளருற பிள்ளையைப் பட்டினி போட்டு என்னத்தைக் காணப் போறாய் நீ?" உங்களுக்கு இந்த விளையாட்டெல்லாம் விளங்காது அம்மா என்று பெரிய மனுசி மாதிரி பதில் சொன்னேன்.

மறுநாள் தராசில் 43.8. எல்லோரும் கை தட்டினோம். பிறகு அவள் ஒரு சாண்ட்விச், இரண்டு வாழைப்பழம், அரை லீட்டர் ஜூஸ் எல்லாவற்றையும் பத்து நிமிடத்தில் விழுங்கினாள், அப்புறம் கழிவறையில் எல்லாம் வெளியே வந்தது. முதல் சுற்றில் 12 புள்ளி வித்தியாசம் விழுந்து நேரம் முடியும் முன்பே நிறுத்தினார்கள். இரண்டாவதும் அப்படியே. எதிரே வந்த பிள்ளை நன்றாகத்தான் ஆடினாள், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் என் மகளின் கண் அந்தப் பிள்ளையைப் பார்க்கவே இல்லை, சுவரைப் பார்த்தது. திரும்பி வரும்போது ரயிலில் ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

வேறு ஏதோ விஷயமாக நாங்கள் போனபோது எங்கள் குடும்ப வைத்தியர் இதைக் கேட்டுவிட்டு முதலில் கேட்ட கேள்வி, மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்பது. நான் அந்தத் திசையில் யோசிக்கவே இல்லை. வளரும் பெண்பிள்ளைக்கு உடம்பு செலவழிப்பதை விடக் குறைவாகச் சாப்பாடு கொடுத்துக்கொண்டே இருந்தால் முதலில் பிசகுவது அதுதானாம், எலும்பு வளர்ச்சியும் கூடவே அடிபடும் என்றார். ஓடி, வேர்த்து இறக்கும் எடை கொழுப்பு இல்லை, தண்ணீர். அதை ஒரு ஜூஸ் போத்தலில் ஒரு மணி நேரத்துக்குள் திருப்பிக் கொடுக்க முடியாது. இதெல்லாம் தேடினால் எங்கும் கிடைக்கிற விஷயம். நான் தேடவில்லை, அவ்வளவுதான்.

சரி, ஒலிம்பிக்குக்கு வருவோம்.

டிக்கெட்டுக்குக் காசு சேர்த்தது அவளேதான், பிறந்தநாள் காசு, அம்மம்மா கொடுத்த காசு என்று. முதலில் விற்ற நேரத்தில் எங்களுக்குக் கிடைக்கவில்லை. பிறகு அதிகாரப்பூர்வ மறுவிற்பனைத் தளத்தில் ஒவ்வொரு இரவும் பார்த்துக்கொண்டே இருந்தாள், போட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது காலை அமர்வுக்கு இரண்டும் இரவு அமர்வுக்கு இரண்டும் கிடைத்தன. இங்கே தெரிந்துகொள்ள வேண்டியது: இந்த விளையாட்டில் ஒரு எடைப் பிரிவு முழுவதும் ஒரே நாளில் முடிந்துவிடும். காலையில் முதல் சுற்று, மதியம் கால் இறுதியும் அரை இறுதியும், இரவு பதக்கம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி டிக்கெட். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எல்லோரும் இரவைத்தான் சொல்வார்கள். நான் காலையைச் சொல்வேன். அந்தப் பிரிவில் ஆடுகிற எல்லோரையும் பார்க்கலாம், விலையும் குறைவு, பயந்து ஆடுகிறவர்களையும் பார்க்கலாம், பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறது அதுதான்.

போகிற வழியில் ஒரு வேடிக்கை. போட்டி நடந்த கிராண்ட் பாலே மாளிகைக்குப் பக்கத்து மெட்ரோ நிலையத்தை ஒலிம்பிக்குக்காகவே மூடி வைத்திருந்தார்கள். ஏழாம் இலக்க மெட்ரோவில் போய் ஒன்றாம் இலக்கத்துக்கு மாறினால் துயிலெரி, கொங்கோர்ட், கிளெமான்ஸோ மூன்றிலும் வண்டி நிற்காமல் போகிறது. நவிகோ என்கிற மாதாந்தப் பயண அட்டை இருந்ததால் நாங்கள் தப்பினோம், அந்த நாட்களில் ஒற்றை டிக்கெட் 4 யூரோ. அடுத்த நிலையமான ரூஸ்வெல்ட்டில் இறங்கி நடந்தோம்.

1900ஆம் ஆண்டுக் கண்காட்சிக்காகக் கட்டிய கட்டடம் அது. மேலே முழுக்கக் கண்ணாடிக் கூரை, கீழே பச்சை இரும்புத் தூண்கள், நடுவில் எண்கோண வடிவத்தில் எட்டு மீட்டர் ஆடுகளம். அவ்வளவு பெரிய மாளிகைக்குள் அந்த எண்கோணம் ஒரு கேரம் பலகை மாதிரி இருந்தது. எங்கள் மண்டபத்தில் இருக்கும் அதே அளவுதான், மகள் அதைப் பார்த்துவிட்டு "இது எங்கட மாதிரியே இருக்கு" என்றாள். அவளுக்கு அது பெரிய விஷயம்.

இப்போது கொஞ்சம் விளக்கம், தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். பெரியவர்களுக்கான உலகப் போட்டிகளில் பெண்களுக்கு எட்டு எடைப் பிரிவு உண்டு. ஒலிம்பிக்கில் நான்கே நான்கு: 49, 57, 67, 67க்கு மேல். அதனால் 57இல் நிற்கிறவர்கள் எல்லோரும் பிறவியிலேயே 57 இல்லை. 53இல் இருந்து மேலே ஏறி வந்தவர்களும் இருப்பார்கள், 60க்கு மேல் இருந்து கீழே இறங்கி வந்தவர்களும் இருப்பார்கள். இரண்டு நிமிடச் சுற்று மூன்று, இரண்டு சுற்றை வென்றால் போதும். மார்புக் கவசத்தில் குத்துக்கு 1, உதைக்கு 2, தலையில் உதைத்தால் 3, சுழன்று உதைத்தால் உடம்புக்கு 4, தலைக்கு 5. தவறு செய்தால் நடுவர் 'காம்ஜோம்' கொடுப்பார், அது எதிராளிக்கு ஒரு புள்ளி. ஒரு சுற்றில் ஐந்து காம்ஜோம் வாங்கினால் அந்தச் சுற்றே போய்விடும். காலுறையிலும் கவசத்திலும் உணரிகள் இருப்பதால் உடம்பு, தலை உதைகளை இயந்திரம் எண்ணும், குத்தை மனிதர்கள் பார்த்துக் கொடுப்பார்கள்.

காலையில் எங்களுக்கு முதல் அதிர்ச்சி ஜேட் ஜோன்ஸ். லண்டனிலும் ரியோவிலும் இதே 57 கிலோவில் தங்கம் வென்ற பிரித்தானியப் பெண். மகளின் அறையில் சுவரில் ஒட்டியிருந்த படம் அவருடையது. வட மாசிடோனியாவின் மில்யானா ரெல்யிக்கிடம் முதல் ஆட்டத்திலேயே தோற்றார். டோக்கியோவிலும் அவர் முதல் ஆட்டத்தோடுதான் போனார், கிமியா அலிசாதேயிடம். இரண்டு ஒலிம்பிக் தங்கம் வைத்திருப்பவர் அடுத்தடுத்து இரண்டு ஒலிம்பிக்கில் காலை அமர்வோடு வீட்டுக்குப் போகிற விளையாட்டு இது. "அவவும் தோப்பாவோ?" என்று என் மகள் கேட்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதன் பிறகு அவள் அந்த பெப்ரவரித் தோல்வியைப் பற்றி முதல் தடவையாகக் கதைத்தாள், ஐஸ்கிரீம் வரிசையில் நிற்கும்போது, தானாகவே.

பிறகு கொரியாவின் கிம் யூ-ஜின் இறங்கினார். 183 சென்ரிமீட்டர் உயரம். 57 கிலோ. அந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உலகத் தரவரிசையில் 24ஆம் இடம், ஆசியத் தகுதிப் போட்டி வழியாக உள்ளே வந்தவர், யாரும் பெரிதாகக் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. முதல் ஆட்டத்தில் துருக்கியின் ஹதிஜே குப்ரா இல்குனை வென்றார், டோக்கியோவில் வெண்கலம் எடுத்தவர் அவர். நான் எப்போதும் உதை விழும் இடத்தைத்தான் பார்ப்பேன், புள்ளிப் பலகையைப் பார்ப்பேன். அன்றைக்கு மகள்தான் என் தலையைத் திருப்பினாள்: "அம்மா, காலைப் பாருங்கோ, முன்கால்." பார்த்தேன். கிம்மின் முன்கால் தரையில் நிற்கவே இல்லை. கொக்கு மாதிரி ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, எதிராளி உள்ளே வர நினைக்கும் நேரத்தில் அந்தக் கால் நீண்டு இடுப்புக்கு மேலே தடுத்துவிடுகிறது. அந்தத் தடுப்பைத் தாண்டி உள்ளே போனால்தானே மற்றவர் உதைக்கலாம். காலைச் சும்மா தூக்கி மறித்தால் காம்ஜோம் உண்டு, ஆகவே அது உதையாகவும் இருக்க வேண்டும், வேலியாகவும் இருக்க வேண்டும். இத்தனை வருடம் கதிரையில் இருந்தும் எனக்கு இது தெரியாது. பார்க்கப் போகிறவர்களுக்கு இது ஒன்றைச் சொல்வேன்: புள்ளியைப் பலகை சொல்லும், நீங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிற வெற்றிடத்தைப் பாருங்கள். அந்த இடைவெளி யாருக்கு வசதியாக இருக்கிறதோ அவர்தான் சுற்றை வைத்திருக்கிறார்.

மதியம் டிக்கெட் இல்லை. வெளியே வந்து ஒரு மரநிழலில் இருந்து நான் கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு போனில் பார்த்தோம். அரை இறுதியில் கிம்முக்கு எதிரே சீனாவின் லுவோ சோங்ஷி, தரவரிசையில் முதலிடம். முதல் சுற்று 7-0 கிம். இரண்டாவது 1-7, தலைகீழ். நான் போனை மூடி வைக்கலாமா என்று நினைத்தேன். மூன்றாவது 10-3 கிம். அந்த இரண்டாவது சுற்று முடிந்து இருந்த ஒரு நிமிடத்தில் கிம் என்ன செய்தார் என்று மகள் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தாள். ஒன்றும் செய்யவில்லை. தண்ணீர் குடித்தார், பயிற்சியாளர் கதைப்பதைக் கேட்டார், எழும்பினார். பழைய விதியில் மூன்று சுற்றுப் புள்ளியையும் கூட்டுவார்கள், அதனால் ஒரு மோசமான சுற்றின் சுமையைக் கடைசிவரை தூக்கிக்கொண்டு ஆட வேண்டும். இப்போது ஒவ்வொரு சுற்றும் சுழியத்தில் தொடங்குகிறது. என் மகள் முதல் சுற்றைத் தோற்றால் இரண்டாவதுக்கு அழுதுகொண்டே போவாள், நானும் கதிரையில் இருந்து தலையில் கை வைப்பேன். அதை அவள் பார்க்கிறாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் சொன்னாள். "நீங்கள் தலையில கை வைச்சா எனக்கு முடிஞ்சுதெண்டு தெரியும்." இது எந்தப் பயிற்சியாளரும் எனக்குச் சொல்லாத பாடம். இப்போதெல்லாம் போட்டிக்குப் போனால் கையில் பின்னல் ஊசியும் நூலும் கொண்டுபோகிறேன். பகிடி இல்லை, உண்மை.

புளிச்சோறு முடியும்போதுதான் அந்தக் கதை வந்தது. கிம் இந்த எடைக்காக எவ்வளவு கஷ்டப்பட்டார் என்று அவள் எங்கேயோ படித்திருந்தாள். 183 சென்ரிமீட்டர் உடம்பை 57இல் வைத்திருப்பது என்றால் சும்மாவா. (இரவு வென்ற கையோடு, தான் சாப்பிட ஆசைப்படுவது வாட்டிய பன்றியிறைச்சி என்று கிம் சொன்னது பிறகு செய்தியில் வந்தது.) அந்த மரநிழலில் மகள் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அப்ப அவ பட்டினி கிடந்து வெல்லலாம், நான் கிடந்தது மட்டும் பிழையோ?"

எனக்குப் பதில் வரவில்லை. அவள் 23 வயசு, பக்கத்தில் ஆட்கள் இருப்பார்கள், மாதக்கணக்கில் திட்டம் போட்டு இறக்குவார்கள், நாங்கள் ஐந்து நாளில் குப்பைப் பையோடு இறக்கினோம் என்றெல்லாம் சொன்னேன். எல்லாம் உண்மைதான், ஆனால் அவள் முகத்தில் அது ஏறவில்லை. பிள்ளைகளுக்கு 'நீ சின்னப் பிள்ளை' என்பது பதிலே இல்லை.

பதில் இரவுதான் வந்தது, அதுவும் என்னிடமிருந்து இல்லை.

இறுதி ஆட்டத்தில் கிம்முக்கு எதிரே ஈரானின் நாஹித் கியானி, தரவரிசையில் இரண்டாமிடம். இருவரும் அந்தப் பெரிய படிக்கட்டில் இறங்கி வரும்போது உயர வித்தியாசத்தைப் பார்த்து எங்களுக்கு முன்னால் இருந்த ஒரு பெரியவர் சிரித்தே விட்டார். கியானி 2023இல் பாகுவில் உலகச் சாம்பியன் ஆனவர். எந்தப் பிரிவில் தெரியுமா? 53 கிலோ. ஒலிம்பிக்கில் 53 இல்லை. 49க்கு இறங்கலாம், இல்லாவிட்டால் 57க்கு ஏறலாம். அவர் ஏறினார். தன்னைவிட உயரமான, தன்னைவிட எடையான ஆட்களோடு நாள் முழுக்க ஆடி இறுதி வரை வந்திருந்தார். இதை நான் மகளுக்குச் சொன்னபோது அவள் திரும்பி, "அவ ஏறி வந்தவவோ?" என்று கேட்டாள். ஓம். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் கெடுத்திருப்பேன்.

கிம் 5-1, 9-0 என்று வென்றார். கியானியால் உள்ளே போகவே முடியவில்லை, அந்தக் கொக்குக்கால் கடைசிவரை வேலி மாதிரி நின்றது. கொரியக் கொடிகள் எங்களுக்கு இடது பக்கம் எழும்பின. 57 கிலோவில் சிட்னி, ஏதென்ஸ், பெய்ஜிங் மூன்றிலும் கொரியாதான் தங்கம், அதற்குப் பிறகு 16 வருடம் இல்லை. தரவரிசையின் முதல் ஐந்து இடங்களில் இருந்த நால்வரை ஒரே நாளில் வென்றிருக்கிறார் 24ஆம் இடத்துக்காரி. கியானிக்குக் கிடைத்தது ஒலிம்பிக்கில் ஈரானியப் பெண் ஒருவர் வாங்கிய முதல் வெள்ளி. இறங்கி வந்தவருக்குத் தங்கம், ஏறி வந்தவருக்கு வெள்ளி, ஒரே மேடை. என் மகள் கேட்ட கேள்விக்கு அது முழுப் பதில் இல்லை, எனக்குத் தெரியும். எடையை இறக்கியவர்தானே வென்றார் என்று யாரும் சொல்லலாம். ஆனால் ஏறினால் எல்லாம் முடிந்தது என்று நாங்கள் பெப்ரவரியில் நினைத்தது பொய் என்பதற்கு அந்த மேடை போதும்.

அந்த மேடையில் இன்னொருவரும் நின்றார், அவரைப் பற்றி எழுதாமல் விட முடியாது. கிமியா அலிசாதே. 2016இல் ரியோவில் 18 வயதில் வெண்கலம் எடுத்து, ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் ஈரானியப் பெண் ஆனவர். 2020இல் நாட்டை விட்டு வெளியேறினார். டோக்கியோவில் அகதிகள் அணியில் ஆடினார், அங்கே முதல் ஆட்டமே பழைய தோழி கியானியோடு, வென்றார். பாரிஸில் பல்கேரியாவுக்காக வந்தார், இந்தத் தடவை கியானி அவரை வென்றார், ஆனாலும் அவர் மீண்டு வந்து லுவோவைத் தோற்கடித்து வெண்கலம் வாங்கினார். மூன்று ஒலிம்பிக், மூன்று கொடி. அகதி விண்ணப்பங்களைப் பார்க்கும் பிரெஞ்சு அலுவலகமான ஒஃப்ப்ராவின் வாசலில் பனியில் வரிசையில் நின்று, அகதி அட்டையோடு பத்து வருடம் இந்த நாட்டில் இருந்தவள் நான். ஒரு கொடிக்குக் கீழே இருந்து இன்னொரு கொடிக்குக் கீழே வருவது என்ன விலை என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். கியானியும் கிமியாவும் ஒரே மேடையில் நிற்கும்போது நான் அழுதேன். மகள் என்னை வெட்கத்தோடு பார்த்தாள். மற்ற வெண்கலம் கனடாவின் ஸ்கைலர் பார்க்குக்கு, அவருக்குப் பயிற்சியாளர் அவருடைய அப்பாவேதான். வீட்டில் வந்து சொன்னதும் என் கணவர், அப்ப சாப்பாட்டு மேசையிலயும் பயிற்சி நடக்குமோ பாவம் என்றார்.

வீட்டுக்கு வந்து நாங்கள் செய்ததை இனி எழுதுகிறேன், ஒழுங்கு வரிசை எல்லாம் இல்லை.

முதலில் பயிற்சியாளரோடு கதைத்தேன். சண்டை பிடிக்கவில்லை. போட்டிக்கு ஆறு கிழமை இருக்கும்போது பிள்ளை சாதாரணமாகச் சாப்பிட்டு எந்த எடையில் இருக்கிறாளோ அதற்கு அடுத்த மேல் பிரிவில் மட்டும் பெயர் கொடுங்கள், அந்தப் பிரிவில் கழகத்தில் வேறு பிள்ளை இருந்தால் என் மகள் அந்தப் போட்டிக்கு வரமாட்டாள் என்று சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. பிறகு சரி என்றார். உலக சம்மேளனமே பெரியவர்களுக்குப் போட்டி நாள் காலையில் குலுக்கல் முறையில் சிலரை மீண்டும் நிறுக்கிறது, 5 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தால் ஆட முடியாது. 57 கிலோக்காரி 59.85க்குள் நிற்க வேண்டும். முதல் நாள் காய்ந்து மறுநாள் ஊதுகிற வேலையைக் குறைக்கத்தானே இது. பெரியவர்களுக்கே அப்படி ஒரு விதி தேவைப்படுகிறது என்றால் பதின்மூன்று வயதுக்கு என்ன சொல்வது.

குளியலறைத் தராசைக் கீழே கேவுக்குள், அதாவது கட்டடத்தின் நிலவறைக்குள், கொண்டுபோய் வைத்தோம். மாதத்தில் ஒருநாள்தான் மேலே வரும். சாப்பாட்டில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை, புட்டு, சோறு, மீன், பருப்பு எல்லாம் அப்படியே. போட்டி நாள் காலையில் மட்டும் என்ன சாப்பிட்டால் வயிறு பாரமாக இல்லை என்று சாதாரணப் பயிற்சி நாட்களில் பரீட்சித்துப் பார்த்தோம். அவளுக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் புட்டும் வாழைப்பழமும் சரிவருகிறது, பாணும் சீஸும் சரிவரவில்லை. உங்கள் பிள்ளைக்கு வேறாக இருக்கும். போட்டி நாளில் புதுச் சாப்பாடு எதையும் பரீட்சிக்காதீர்கள், அவ்வளவுதான்.

சாமான் விஷயத்தில் நான் பல தடவை ஏமாந்திருக்கிறேன். வாய்க்காப்பு வெள்ளையாகவோ நிறமில்லாமலோ இருக்க வேண்டும், கடையில் பிள்ளை ஆசைப்படும் இளஞ்சிவப்பை வாங்கினால் களத்துக்கு வெளியே நிற்பீர்கள். இடுப்புக்குக் கீழே போடும் காப்பு பெண்பிள்ளைகளுக்கும் உண்டு, முதல் போட்டியில் அது ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைத்து விட்டுப் போய் இரவல் வாங்கினோம். உணரி வைத்த காலுறை எந்த நிறுவனத்தின் இயந்திரம் என்பதைப் பொறுத்து மாறும், ஏற்பாட்டாளரிடம் கேட்காமல் வாங்க வேண்டாம், விலை சுடும். மார்புக் கவசத்தைப் பெரும்பாலும் அங்கேதான் தருவார்கள். ஒரு அளவு பெரிதாகத் தந்தால் வாயைத் திறந்து மாற்றிக் கேளுங்கள், தொளதொள என்று இருந்தால் உடம்போடு பொருந்தாது, பிள்ளை மூச்சு வாங்கும்போது அது மேலே ஏறி நாடியில் இடிக்கும். பின்னால் கயிறு கட்டுவது யார் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். எங்கள் வீட்டில் அது கணவரின் வேலை, நான் கட்டினால் அவிழ்ந்துவிடுகிறது.

அப்புறம் அந்த முன்கால். மகள் தானாகவே சுவரில் கை வைத்துக்கொண்டு ஒரு காலில் நிற்கப் பழகினாள், பல் தீட்டும்போது, போன் பார்க்கும்போது. ஒரு நிமிடத்தில் தொடங்கினாள். கீழ் வீட்டுக்காரர் ஒருநாள் மேலே வந்து என்ன சத்தம் என்று கேட்டார், விழுந்துகொண்டே இருந்தாள் போலிருக்கிறது.

நவம்பரில் 47 கிலோவுக்குப் பெயர் கொடுத்தோம். தராசில் 46.1, காலைப் புட்டோடு. பக்கத்தில் ஒரு பிள்ளை இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள், அவளுடைய அம்மா கையில் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டு கொடுக்காமல் நின்றார். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முன்பின் தெரியாத ஒருவரிடம் போய் என்னவென்று தொடங்குவது. அதுதான் இப்போது இங்கே எழுதுகிறேன் என்று நினைக்கிறேன்.

முதல் ஆட்டத்தில் எதிரே வந்த பிள்ளை என் மகளைவிட அரைத் தலை உயரம். முதல் சுற்று 4-9 தோல்வி. நான் பின்னிக்கொண்டிருந்தேன், தலையை நிமிர்த்தவில்லை. இரண்டாவது 8-6 எங்களுக்கு. மூன்றாவதில் ஐந்து ஐந்து என்று நின்று கடைசிப் பத்து வினாடியில் ஒரு காம்ஜோம், கோட்டுக்கு வெளியே கால் போய்விட்டது, தோற்றாள். களத்தை விட்டு வந்து தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு அவள் சொன்ன முதல் வார்த்தை, "பசிக்குது."

அம்மாவுக்குப் போன் எடுத்தேன். கிம் யூ-ஜினை எட்டு வயதில் டேக்வாண்டோவுக்கு அனுப்பியது அவளுடைய பாட்டிதானாம், தற்காப்புக்கு என்று, தங்கம் எடுத்ததும் பாட்டிக்குத்தான் நன்றி சொன்னாளாம் என்று முன்பே சொல்லியிருந்தேன், அதிலிருந்து அம்மாவுக்கு இந்த விளையாட்டின் மேல் கொஞ்சம் மரியாதை வந்திருக்கிறது. தோற்றுவிட்டாள் என்றேன். எத்தனைக்கு எத்தனை என்று கேட்டார். சொன்னேன். கடைசியில கோட்டைப் பாக்கச் சொல்லு அவளை என்றார், பெரிய பயிற்சியாளர் மாதிரி.

2026இல் அவள் பதினைந்துக்குள் போகிறாள், பிரிவுகள் மாறும், 46, 49, 52 என்று. இப்போது 49.6 இருக்கிறாள், ஆறு சென்ரிமீட்டர் வளர்ந்துவிட்டாள். போன கிழமை பயிற்சியாளர் 49க்குச் சேர்க்கலாமா, அறுநூறு கிராம்தானே என்று கேட்டாராம். அவளே 52 என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள், எனக்கு இரவுதான் சொன்னாள், அதுவும் இரண்டாவது தரம் சோறு போடச் சொல்லும்போது.